ஒன்பது விரல் பிடி

பதினேழாம் அறைக்காரர் விட்டுப்போனது
ஒரு கொல்ஃப் மட்டை, இரும்பு, ஏழாம் நம்பர்;
மூன்று பந்து;
வெள்ளைத் தோலில் ஒரு கையுறை.

விடுபட்ட பொருட்களின் கொப்பியில்
யோகமலர் எழுதினாள்:
கையுறை – 1. இடது.
மற்றது தேடப்படுகிறது.
கட்டிலைப் புரட்டினாள்.
அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்தாள்.
ஏசி கழுவப் போனபோது கண்டீங்களா நானா என்று
என்னையும் நாலு நாள் கேட்டாள்.

எனக்கு இரவு முறை, ஜெனரேட்டர் அறை.
கரண்ட் போகாத இரவுகளில்
மின்சாரக்காரனுக்கு என்ன வேலை?
கடலைக் கேட்கலாம் என்றால்
பாசிக்குடாவில் கடலும் அதிகம் பேசாது,
எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர்.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் கழித்த வலையை
இரண்டு தென்னைக்கு நடுவே கட்டினேன்.
முதலில் மண்வெட்டி பிடிப்பதுபோல் பிடித்தேன்.
பந்து கிடந்த இடத்தில் கிடந்தது,
புல்தான் பறந்தது.
மறுகா கிரிக்கெட் மட்டைபோல.
ஓட்டமாவடி மைதானத்தில் பதினைந்து வருஷம்
எல்லாப் பந்தையும் லெக் பக்கமே இழுத்த கை இது.
வலது கைக்குப் பேராசை அதிகம்.
பந்து வலையை விட்டு இடப்பக்கம் ஓடி
கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பில் மோதியது.
"என்ன நானா, பாம்பா அடிக்கிறீங்க?"

கைப்பேசியில் ஒருவர் சொல்லித் தந்தார்:
வலது சுண்டுவிரலைத் தூக்கி
இடது கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும்
இடைப்பட்ட பள்ளத்தில் படுக்க வையுங்கள்.
அல்லது கோத்துக்கொள்ளுங்கள்.
அல்லது பத்து விரலாலும் பிடியுங்கள்.
நான் வீடியோவை நிறுத்தினேன்.

அந்தச் சுண்டுவிரல்
ஐஸ் பெக்டரியின் பெல்ட்டில் போய்ப் பதினோரு வருஷம்.
வலி இல்லை. ஆனால் மழைக்கு முந்தின நாள்
இல்லாத அது மட்டும் குளிரும்.

கையுறையைப் போட்டுப் பார்த்தேன்.
சரியாக இருந்தது, கொஞ்சம் ஈரம்.
விளக்கடியில் திருப்பினேன்.
உள்ளங்கை நடுவில் தோல் புதிது.
தேய்ந்திருந்தது விரல்களின் அடியில்,
பிறகு சுண்டுவிரல் பக்கத்து மேட்டுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு.
ஆள் கொழும்புக்குப் போய்விட்டார்,
பிடி இங்கே கிடந்தது.
அவர் மட்டையை உள்ளங்கையில் வாங்கவே இல்லை,
விரல்களில் ஏந்தியிருக்கிறார்.

அந்தக் கோட்டின் மேல் கம்பை வைத்தேன்.
இடது கை மூடியது.
வலது கையின் மூன்று விரல் அதன் கீழே வந்து ஒட்டின.
எண்ணினேன். கட்டைவிரலோடு சேர்த்து
கம்பில் ஒன்பது.
சுண்டுவிரல் உள்ளவனுக்கும் ஒன்பதுதான்,
பத்தாவது கம்பைத் தொடுவதே இல்லை.

எவ்வளவு இறுக்கம்?
அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.
ஸ்குரூவை அதிகம் முறுக்கினால் வயர் அறுந்துபோகும்,
லூசாக விட்டால் சூடேறி,
ஒரு நாள் சுவர் கருகும்.
நடுவில் ஓர் இடம் உண்டு,
மணிக்கட்டுக்கு மட்டும் தெரியும்.
தோளைத் தளர விட்டேன்.

சத்தம் சின்னது.
கையில் அடி விழவே இல்லை.
பந்து வலையின் நடுவே போய் விழுந்து
மீன்போல ஒருமுறை துள்ளியது.
அப்போது உணர்ந்தேன்,
இடது கையின் அந்தப் பள்ளத்தில்
குளிராய் ஏதோ படுத்திருந்தது.
மழை வரும் அறிகுறி எதுவும் இல்லை.

அடுத்த நாற்பது அடியில் முப்பத்தாறு பிழைத்தன.
அதையும் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஆள் கேட்டு அனுப்பினார்.
மட்டையைச் சாக்கில் சுற்றிக் கட்டினேன்,
கையுறையை மடிக்காமல் வைத்தேன்.
மற்றதைக் காணோமே, திட்டுவாரே என்று
யோகமலருக்கு நடுக்கம்.

கொப்பியை வாங்கி
அவள் வரியைக் கோடிட்டு வெட்டி
மூன்று விரலில் பேனையைப் பிடித்து எழுதினேன்:
கையுறை – 1.
ஒன்றுதான்.